நிலம் யாருடையது என்று கேட்ட பாதிரியார்

பெங்களூரில் கோரமங்கலாவின் பளபளப்பு முடிந்து, நெருக்கமான சந்துகளும் சின்னச் சின்ன கடைகளும் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஈஜிபுரா. தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் ஒரே டீக்கடையில் கேட்கும். அடுத்தாற்போல் விவேக்நகர். அங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கூட்டம் நெரியும். மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வேறு மதத்தவர். வீட்டு வேலை செய்கிறவர்கள், கட்டடத் தொழிலாளிகள், பூ விற்கிறவர்கள் என்று அன்றாடம் உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் இருப்பவர்களே அதிகம்.

2013ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி ஈஜிபுராவில் புல்டோசர்கள் நுழைந்தன. பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்காக மாநகராட்சி கட்டித் தந்த குடியிருப்பு அது. சுமார் 1,500 வீடுகள். தரமில்லாமல் கட்டப்பட்ட பிளாக்குகள் சில ஆண்டுகளிலேயே இடிந்து விழத் தொடங்கின. வசிக்கத் தகுதியற்றவை என்று சொல்லி மற்றவற்றையும் மாநகராட்சி இடித்தது. மிச்சமிருந்த நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு மக்கள் வாழ்ந்தார்கள். அந்த 15 ஏக்கர் சொச்சம் நிலத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மேம்படுத்துவது என்று முடிவானது. ஒரு பகுதியில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள், மறு பகுதியில் வணிக வளாகம். மக்கள் நீதிமன்றம் போனார்கள், பயன் இல்லை. நான்கே நாட்களில் கொட்டகைகள் தரைமட்டமாயின. எதிர்த்து உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியது. தெருவுக்கு வந்தவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களுமே அதிகம். அவர்களில் கணிசமானவர்கள் தமிழ் பேசுகிறவர்கள்.

பலர் இடித்த இடத்தின் மதிலை ஒட்டியே நடைபாதையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். நகரத்துக்கு வெளியே சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் சூலிகுண்டேயில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஈஜிபுராவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண் அவ்வளவு தூரத்திலிருந்து காலை ஆறரைக்கு எப்படி வந்து சேருவாள் என்ற கேள்விக்கு எந்த அதிகாரியிடமும் பதில் இல்லை. முதலில் வீடு ஒதுக்கப்பட்டவர் யார், பின்னால் வாங்கியவர் யார், வாடகைக்கு இருந்தவர் யார் என்ற கணக்குத்தான் அலுவலகங்களில் நடந்தது. அடிப்படையான கேள்வியை யாரும் தொடவில்லை. ஏழைகளுக்கு என்று ஒதுக்கிய பொது நிலத்தைப் பங்கு போடும் முடிவை யார் எடுத்தார்கள்? அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

இதே நகரத்தில், அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று கற்றுத் தந்துகொண்டிருந்தார் ஒரு தமிழ்ப் பாதிரியார். பென்சன் டவுனில் உள்ள இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குனர். 1975 முதல் 1986 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஈஜிபுராவில் கொட்டகைகள் இடிந்த நாட்களில் அவர் பெங்களூரில் இல்லை. வெகு தொலைவில் ராஞ்சியில், இதே கேள்வியைக் காடுகளுக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கான விலையை எட்டு ஆண்டுகள் கழித்து மும்பை மருத்துவமனை ஒன்றில் கொடுத்தார். அவர் பெயர் ஸ்டேன் சுவாமி.

1937 ஏப்ரல் 26ஆம் தேதி திருச்சி அருகே விரகாலூரில் பிறந்தவர். முழுப் பெயர் ஸ்டனிஸ்லாஸ் லூர்துசாமி. 1957இல், இருபதாவது வயதில் ஏசு சபையில் சேர்ந்தார். தமிழ்நாட்டிலேயே ஒரு கல்லூரியில் பேராசிரியராகவோ பள்ளி முதல்வராகவோ இருந்து மரியாதையோடு ஓய்வு பெற்றிருக்கலாம். அவரோ அன்றைய பிகாரின் தென்பகுதிக்குப் போக விரும்பினார். அறுபதுகளின் நடுவில் சாய்பாசா அருகே லுப்புங்குட்டு பள்ளியில் ஹோ பழங்குடிச் சிறுவர்களுக்கு ஆசிரியர். மாணவர்களோடு வாரச் சந்தைக்குப் போவார். பழங்குடிகள் தலைச்சுமையாகக் கொண்டு வந்த விளைபொருளை வெளியூர் வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்குவதைப் பார்த்தார். சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் இந்தக் கணக்கு நேராகாது என்பது அங்கேதான் அவருக்குப் புரிந்தது.

பின்பு மணிலாவில் இறையியலும் சமூகவியலும் படித்தார். 1970இல் குருப்பட்டம். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸின் ஆட்சிக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கிய காலம் அது. திரும்பி வந்து ஹோ கிராமம் ஒன்றில் தங்கி அவர்களது வாழ்க்கையை ஆராய்ந்தார். பிறகு ஐரோப்பாவில் மேற்படிப்பு. அங்கே பிரேசில் நாட்டு ஆயர் ஹெல்டர் கமாராவின் அறிமுகம் கிடைத்தது. ஏழைக்குச் சோறு போடுவதோடு நிற்காமல், அவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்றும் திருச்சபை கேட்க வேண்டும் என்று வாதிட்டவர் கமாரா.

இந்தப் படிப்பையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேன் சுவாமி பெங்களூர் வந்து சேர்ந்த ஆண்டில்தான் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. நாலு பேர் கூடிப் பேசுவதே சந்தேகத்துக்கு உரியதாக இருந்த காலத்தில், கிராமத்திலும் சேரியிலும் வேலை செய்யப் போகிற இளைஞர்களைக் கூட்டி வைத்துச் சமூகத்தைப் படிக்கக் கற்றுத் தரும் நிறுவனத்தின் பொறுப்பு அவருக்கு. தென் மாநிலங்களிலிருந்து தலித் இளைஞர்கள், நிலமற்ற கூலிகளிடையே வேலை செய்பவர்கள், கன்னியர், குருக்கள் என்று பலரும் வந்து தங்கிப் படித்தார்கள். ஒரு ஊருக்குப் போனால் முதலில் என்ன செய்வது? நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார். கூலி எவ்வளவு என்று கேள். சட்டம் எவ்வளவு தரச் சொல்கிறது என்று படி. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஊர்க்காரர்களே கணக்குப் போடட்டும். சமூக ஆய்வு என்று பெரிய பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான். எண்பதுகளில் தென்னிந்தியாவில் தோன்றிய பல உரிமை இயக்கங்களின் ஊழியர்கள் இத்தகைய பயிற்சிகளில் உருவானவர்கள்.

இதில் கத்தி இல்லை, கல் இல்லை. கோஷம்கூடக் கொஞ்சம்தான். ஸ்டேன் சுவாமியின் அறப்போராட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உண்ணாவிரதமோ மறியலோ அவரது முதன்மையான ஆயுதமாக இருந்ததில்லை. அரசு தானே இயற்றிய சட்டத்தை அரசிடமே எடுத்துக் காட்டி, இதை ஏன் செய்யவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்பது அவர் வழி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஒரு சட்டத்தை மீறுகிறவனைவிட, அதை நிறைவேற்றச் சொல்கிறவனே சில சமயம் அதிகத் தொந்தரவாகத் தெரிகிறான்.

1991இல் அவர் சாய்பாசாவுக்கே திரும்பினார். ஜார்க்கண்ட் தனி மாநிலக் கோரிக்கை சூடு பிடித்திருந்த நேரம். மனித உரிமை அமைப்பில் வேலை. 2000 நவம்பர் 15ஆம் தேதி, பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் பிறந்தது. பழங்குடிகளுக்கான மாநிலம் என்று கொண்டாடினார்கள். நிலத்துக்கு அடியில் இரும்பும் நிலக்கரியும் யுரேனியமும் கிடக்கிற மாநிலமும் அதுதான். புதிய அரசு கம்பெனிகளோடு ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் போட்டது. 2006இல் ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் பகாய்சா என்ற மையத்தை ஏசு சபையினர் தொடங்கினார்கள். பகாய்சா என்றால் தோட்டம். வளாகத்தில் பிர்சா முண்டாவின் சிலை. ஸ்டேன் சுவாமிக்கு அங்கே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர்.

அந்த மேசையில் என்ன இருந்தது? சட்டங்கள். 1908இன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்கிறது. பிர்சாவின் கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ்காரன் வேறு வழியில்லாமல் கொண்டு வந்தது அது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. 1996இன் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் அந்தப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1997இல் ஆந்திராவின் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிப் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது என்றது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013இல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலத்துக்கு உரியவனுக்கே அடியில் உள்ள கனிமமும் என்றது. அதே ஆண்டு ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

இவ்வளவு சட்டம் இருந்தும் நிலம் ஏன் கைமாறிக்கொண்டே இருக்கிறது? இதைத்தான் ஸ்டேன் சுவாமி துண்டறிக்கையிலும் கட்டுரையிலும் கூட்டத்திலும் கேட்டார். ஜார்க்கண்ட் அரசு 2016இல் நில பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்த முயன்றபோது மாநிலமே கொந்தளித்தது. அப்போது ஆளுனராக இருந்த திரௌபதி முர்மு 2017இல் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். அவர்தான் பின்னர் குடியரசுத் தலைவரானார். கேட்டால் கிடைக்காது என்பதில்லை, பலர் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கு அது ஒரு சான்று.

எதிர்த்துப் பேசிய பழங்குடி இளைஞர்களை நக்சலைட் என்று சிறைக்கு அனுப்புவது அங்கே வழக்கமானது. ஸ்டேன் சுவாமியும் சகாக்களும் இதையும் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட 102 பேரை நேரில் பார்த்துப் பேசி 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லோருமே தங்கள் மீதான குற்றச்சாட்டு பொய் என்றார்கள். வழக்கு நடத்த ஆட்டையும் மாட்டையும் விற்ற குடும்பங்கள் பல. விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடப்பவர்களின் வழக்கை விரைந்து முடிக்கக் கோரி ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொது நல மனு போட்டார். மனு போட்டவரே விசாரணைக் கைதியாகச் சாவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பாதிரியாருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எப்போதும் உண்டு. பூசை வைப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது என்று இருந்தால் எல்லா அரசுகளுக்கும் பாதிரியாரைப் பிடிக்கும். இந்தக் கேள்வி இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் நகரச் சிறையில் இருந்தபோது, எட்டு வெள்ளை மதகுருக்கள் அவரது போராட்டம் காலம் அறியாதது, விவேகமற்றது என்று அறிக்கை விட்டார்கள். அதற்குக் கிங் எழுதிய நீண்ட பதில்தான் பின்னர் உலகப் புகழ் பெற்ற சிறைக் கடிதம். அநீதியான சட்டத்துக்கு வெளிப்படையாகவும் அன்போடும் கீழ்ப்படிய மறுத்து, அதற்கான தண்டனையையும் ஏற்பவனே சட்டத்தை உண்மையில் மதிக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

கிங்குக்குப் பக்கபலமாக இருந்த ஜேம்ஸ் லாசனின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மெத்தடிஸ்ட் சபைப் போதகரான லாசன், கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். 1953இல் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் இந்தியாவில் இருந்து காந்தியின் வழியைப் படித்தார். மாண்ட்கோமரியில் கறுப்பர்கள் பஸ் ஏற மறுத்துப் போராடும் செய்தியை நாக்பூர் செய்தித்தாளில்தான் படித்தார். ஊர் திரும்பியவரை 1957இல் சந்தித்த கிங், தாமதிக்காமல் தெற்கே வரச் சொன்னார். நாஷ்வில் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார் லாசன். திட்டினால், அடித்தால், தலையில் எதையாவது கொட்டினால் கையை ஓங்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்று நடித்துப் பார்த்துப் பழகினார்கள். 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த உணவுக் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதத்தில் கடைகள் கதவைத் திறந்தன. இதற்கிடையே லாசன் படித்துக்கொண்டிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பல பத்தாண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து வைத்துக்கொண்டது. 2024 ஜூனில், 95 வயதில் லாசன் மறைந்தார். அவரை வெளியேற்றிய நிறுவனத்துக்குத் தவறைத் திருத்திக்கொள்ள அவர் ஆயுள் அவகாசம் கொடுத்தது. ஸ்டேன் சுவாமியின் ஆயுள் அப்படி யாருக்கும் அவகாசம் தரவில்லை.

2017 டிசம்பர் 31ஆம் தேதி புனேயில் எல்கார் பரிஷத் என்ற கூட்டம் நடந்தது. மறுநாள் பீமா கோரேகாவில் வன்முறை. இது தொடர்பான வழக்கில் 2018 ஆகஸ்டில் போலீஸ் பகாய்சாவைச் சோதனையிட்டது. 2019 ஜூனில் மறுபடியும். கூட்டத்துக்குத் தான் போகவே இல்லை, பீமா கோரேகாவைப் பார்த்ததும் இல்லை என்றார் ஸ்டேன் சுவாமி. வழக்கு தேசியப் புலனாய்வு அமைப்பின் கைக்கு மாறியது. தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியின் உறுப்பினர், அதன் பணத்தைப் பெற்றவர் என்பது அதன் குற்றச்சாட்டு. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் கடிதங்களைக் காட்டினார்கள். அவை தன்னுடையவை அல்ல என்று அவர் மறுத்தார். ராஞ்சியில் அவரை மொத்தம் 15 மணி நேரம் விசாரித்தார்கள். கொரோனா காலத்தில் வயதானவரை மும்பைக்கு வரச் சொல்வது நியாயமா என்று கேட்டார். 2020 அக்டோபர் 8ஆம் தேதி இரவு அவரைக் கைது செய்தார்கள். வயது 83. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானவர்களில் அவரே மிக மூத்தவர்களில் ஒருவர். தனக்கு நடப்பது தனி நிகழ்ச்சியல்ல, இந்த நாட்டில் கேள்வி கேட்ட பலருக்கும் நடப்பதுதான், தான் மௌன சாட்சியாக இல்லாததில் மகிழ்ச்சியே என்ற பொருளில் கைதுக்கு முன் ஒரு வீடியோவில் பேசிவைத்திருந்தார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும். தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தும். உறிஞ்சுகுழல் வைத்த குவளை ஒன்று வேண்டும் என்று நவம்பர் 6ஆம் தேதி நீதிமன்றத்தில் மனு. கைதின்போது கொண்டு வந்த பையில் அது இருந்தது என்பது அவர் தரப்பு. பதில் சொல்லப் புலனாய்வு அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 26ஆம் தேதி வந்த பதில்: அப்படி எதையும் தாங்கள் எடுக்கவில்லை. குவளை பிறகு சிறையிலேயே கொடுக்கப்பட்டது என்றாலும், ஒரு கிழவர் தண்ணீர் குடிக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பதை நாடு மறக்கவில்லை. ஊர் ஊராக மக்கள் குவளைகளை வாங்கிச் சிறைக்குப் பார்சல் அனுப்பினார்கள். தலோஜா சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் தன் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்லவில்லை. உடன் இருந்த கைதிகள் தன்னைக் குளிப்பாட்டுவதையும் சாப்பாடு ஊட்டுவதையும், என்ன குற்றம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் கிடக்கும் ஏழைக் கைதிகளையும் பற்றித்தான் எழுதினார்.

2021 மார்ச் 22ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. குற்றச்சாட்டில் முகாந்திரம் இருப்பதாகவும், வயதும் நோயும் மட்டும் போதிய காரணம் ஆகா என்றும் சொன்னது. மே 21ஆம் தேதி வீடியோ மூலம் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் தோன்றினார். சிறைக்கு வந்தபோது தானே நடந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்று நீதிபதிகளிடம் சொன்னார். அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது மறுத்தார். அங்கே போவதைவிட இங்கேயே சாவேன், என் மக்களோடு இருக்கவே விருப்பம் என்றார். ஒரு வாரத்துக்குப் பின் பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் சேர்க்க அனுமதி கிடைத்தது. அங்கே கொரோனா இருப்பது தெரிந்தது. ஜூலை 5ஆம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவர் நீதிமன்றத்திடம் செய்தி சொன்னார். பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஸ்டேன் சுவாமி இறந்துவிட்டார். 84 வயது.

அதற்குப் பின் நடந்ததும் பதிவாக வேண்டியது. ஜூலை 19ஆம் தேதி நீதிபதி எஸ்.எஸ். ஷிண்டே, சட்டப்படி அவர் மீது என்ன இருந்தாலும் அவரது பணி மீது மரியாதை உண்டு என்று வாய்மொழியாகச் சொன்னார். புலனாய்வு அமைப்பின் தரப்பு ஆட்சேபித்தது. நான்கே நாட்களில் நீதிபதி அந்த வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2022 டிசம்பரில், கைதானவர்கள் தரப்புக்காக ஆய்வு செய்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல், 2014 முதலே ஸ்டேன் சுவாமியின் கம்ப்யூட்டருக்குள் வெளியார் புகுந்து கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தது. இத்தகைய ஆய்வுகளைப் புலனாய்வு அமைப்பு ஏற்கவில்லை. எது உண்மை என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும். அவர் விஷயத்தில் அது நடக்கவே இல்லை. குற்றவாளி என்றும் நிரூபணமாகவில்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் கிடைக்கவில்லை. விசாரணைக் கைதிகளுக்காக அவர் போட்ட மனுவின் சாரமே அவர் வாழ்க்கையின் கடைசி அத்தியாயமானது.

அவர் அரசியலோடு உடன்படாதவர்கள் உண்டு. வளர்ச்சி வேண்டாமா, சுரங்கம் இல்லாமல் இரும்பு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பத்தல்கடி இயக்கத்தை அவர் ஆதரித்தது சரியா என்றும் விவாதிக்கலாம். கிராம எல்லையில் கல் நட்டு, அதில் அரசியல் சட்டத்தின் பிரிவுகளைப் பொறித்த இயக்கம் அது. சில இடங்களில் அரசு ஊழியர்களையே உள்ளே விடாத அளவுக்குப் போனது. 2018 ஜூலையில் இதற்காகவும் ஸ்டேன் சுவாமி உட்பட இருபது பேர் மீது ராஜ துரோக வழக்கு பதிவானது. 2019 டிசம்பரில் ஹேமந்த் சோரன் அரசு பதவியேற்றதும் அந்த வழக்குகளை வாபஸ் பெற முடிவெடுத்தது. விவாதம் என்றால் இப்படித்தான் முடிய வேண்டும், ஓட்டுப் பெட்டியிலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ. தண்ணீர்க் குவளைக்கு மனுப் போடுவதில் முடியக் கூடாது.

இனி ஈஜிபுராவுக்குத் திரும்பலாம். இடித்து ஐந்தாண்டுகள் ஆன பிறகும் அந்த நிலம் வேலிக்குள் சும்மாவே கிடந்தது. வணிக வளாகமும் எழவில்லை, ஏழைகளுக்குச் சொன்ன வீடுகளும் எழவில்லை. அவ்வளவு அவசரமாகக் காலி செய்தது எதற்காக என்று அந்த வழியாகப் போகிற யாருக்கும் தோன்றும். 2017இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலமும் தூண்களோடு வருடக்கணக்கில் நின்றது. காலக்கெடு பணக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் நீண்டுகொண்டே போகும். கொட்டகைவாசிக்கு மட்டும் அது ஜனவரிக் குளிரில் ஒரே காலையில் முடிந்துவிடும்.

பென்சன் டவுன் வகுப்பறையில் கற்றுத்தந்த பாடத்தை இந்த நிலத்துக்குப் போட்டுப் பார்ப்பது கஷ்டமில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது? எதற்காக ஒதுக்கப்பட்டது? ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? வெளியேற்றப்பட்டவர்களின் முழுப் பட்டியல் எங்கே? அவர்களில் எத்தனை பேருக்கு மாற்று வீடு கிடைத்தது? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கக் கூடிய கேள்விகள்தான். 2005க்கு முன் அந்தச் சட்டமும் கிடையாது. அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஸ்டேன் சுவாமியின் அஸ்தி மும்பையிலிருந்து ஜார்க்கண்டுக்குப் போனது. தன் மக்களோடு இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் அவர் கேட்டது அந்த வகையில்தான் நிறைவேறியது. விரகாலூரில் பிறந்து, பெங்களூரில் பாடம் நடத்தி, சாய்பாசாவில் வாழ்ந்த ஒருவர் தன் மக்கள் என்று சொன்னது சொந்த சாதியையோ மொழியையோ மதத்தையோ அல்ல. நிலத்தை இழந்தவர்களைத்தான். அந்தக் கணக்கில் ஈஜிபுரா மதில் ஓரத்தில் பாயை விரித்துக் கிடந்தவர்களும் அவருடைய மக்களே.